புகார்: வண்டி குலுங்கவில்லை

முதலில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் கணக்கில் இரண்டு முறை தவறியவன். விடுப்புக் கடிதம் தவிர வேறு எதையும் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதியதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் தொண்டைக்குள் எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் பஞ்சை அடைத்ததுபோல் ஆகிவிடும். இப்படிப்பட்டவன் நம் மெக்கானிக் சங்க மலரில் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது நினைத்தால், அது சரிதான்.

இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டதால் ஐம்பத்திரண்டு வயதிலேயே வேலையிலிருந்து நின்றுகொண்டேன். இப்போது அட்டுவம்பட்டியில் வாடகைக்கு இருக்கிறேன். காலையில் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் போய் உட்காருவது வழக்கம். போன மாதம் அங்கே குலுங்கிக்கொண்டு ஒரு வண்டி வந்தது. மெக்கானிக்குகள் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினார்கள். ஆறாவது சிலிண்டர் எரியவில்லை என்று பெட்டி எழுதிக் காட்டியது.

"அண்ணே, உங்க காலத்துல இத எப்படிண்ணே கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அத்தனை பேர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதனால்தான் இது.

என் தாய் தகப்பன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். பண்ணைக்காட்டுக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்தில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டபின் வத்தலக்குண்டில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் ஏழு வருடம் இருந்தேன். நம்பர் பார்க்காமல் ஸ்பேனர் எடுக்கவும், திட்டு வாங்கிக்கொண்டே வேலை செய்யவும் அங்கே கற்றுக்கொண்டேன். பிறகு அதே காப்பித் தோட்டத்தின் மோட்டார் கொட்டகையில் சேர்ந்தேன். இரண்டு டிராக்டர், ஒரு லாரி, மேனேஜருடைய வண்டி. இவ்வளவுதான் கொட்டகை.

கொட்டகைக்குப் பெரியவர் சூசை மேஸ்திரி. அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மனிதர்களிடம் வேலை சொல்ல மாட்டார். வண்டியிடம்தான் பேசுவார். நான் சேர்ந்த முதல் நாள் டிராக்டர் முன்னால் நின்றுகொண்டு, "என்னம்மா, ஃபேன் பெல்ட்டு தொளதொளன்னு கெடக்கே, யாராச்சும் இறுக்கிவிட மாட்டாங்களா?" என்றார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து நான் கைகட்டி நின்றேன். அரை மணி நேரம் கழித்து லாரி டிரைவர் வந்து என் விலாவில் குத்தினார். "ஏலே, ஒன்னயத்தான் சொல்றாரு."

கோபம் வந்தாலும் அப்படித்தான். வசவு முழுவதும் லாரிக்கு விழும். டிரைவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். மேஸ்திரி என்னிடம் நேராகப் பேசியது என் கல்யாணத்தன்று ஒரு முறைதான். "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றார். அதையும் பந்தலுக்கு வெளியே நின்ற லாரியைப் பார்த்துச் சொன்னாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. ஆனால் கூச்சக்காரனான எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நானும் வண்டியைப் பார்த்துத் தலையாட்டினால் போதும்.

ஸ்டோர் சாவியும் அவரிடம்தான் இருந்தது. பழைய சாமானைக் கொடுத்தால்தான் புதுச் சாமான் தருவார். இதில் விலக்கே கிடையாது. ஒரு முறை லாரியின் டீசல் டேங்க் மூடி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. டிரைவர் இரண்டு நாள் மலைப்பாதையில் நடந்து தேடினார். கிடைக்கவில்லை. பழைய மூடி இல்லாததால் புது மூடி இல்லை. எட்டு மாதம் அந்த லாரி ஒரு தேங்காய்ச் சிரட்டையை மூடியாகக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் வரை போய் வந்தது. கடைசியில் மேஸ்திரி அந்தச் சிரட்டையை வாங்கிப் பார்த்து, "எட்டு மாசமா மூடி சோலியப் பாத்துருக்க. அப்ப நீ மூடிதான்" என்று அதனிடமே சொல்லி, அதைப் பழைய மூடியாக ஏற்றுக்கொண்டு புது மூடி கொடுத்தார்.

இனி மேனேஜருடைய வண்டிக்கு வருகிறேன்.

அது வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பெட்ரோல் வண்டி. ஜீப்பைவிடப் பெரியது. நாலு சக்கரமும் இழுக்கும். இன்ஜினில் ஆறு சிலிண்டர், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. மேஸ்திரியைத் தவிர யாரும் அதன் பானெட்டைத் திறந்ததில்லை. நான் பார்த்த நாளிலிருந்து அது குலுங்கும். நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டால், பானெட் மேல் வைத்த டீ கிளாஸ் தானாக நடந்துபோய்க் கீழே விழும். ஓடும்போது 'டக் டக் டக் டொக்' என்று நொண்டும். இரண்டு வளைவுக்கு அப்பால் வரும்போதே தோட்டம் முழுவதும் கேட்கும். அது அந்த வண்டியின் சுபாவம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சத்தத்தை நம்பித்தான் பெண்கள் பிள்ளைக் காம்பராவுக்குப் போய் வந்தார்கள். பிள்ளைக் காம்பரா என்றால் வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை. இலங்கைத் தோட்டத்துப் பெயர். தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் அப்படியே நிலைத்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போகலாம் என்பது மேலிடத்துச் சட்டம். குழந்தைக்குச் சட்டம் தெரியாது. அதனால் பத்து மணிக்குப் பெண்கள் காப்பிக் காட்டை விட்டு மெதுவாக நழுவுவார்கள். வண்டிச் சத்தம் கேட்டால் குறுக்குப் பாதையில் ஓடிவந்து செடிக்குள் நின்றுகொள்வார்கள். வண்டி வந்து சேர்வதற்குள் கூடையில் ரெண்டு பிடி பழம் விழுந்திருக்கும்.

வேலை நேரத்தில் காட்டில் இல்லாதவர்கள் பெயரை மேனேஜர் எழுதிக்கொள்வார். மூன்று முறை பெயர் எழுதப்பட்டால் வேலை போய்விடும். என் மனைவி செல்வியின் பெயர் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. ஒரு முறை மேனேஜர் நடந்தே வந்துவிட்டார். இன்னொரு முறை லாரியில் வந்தார். எங்கள் மகளுக்கு அப்போது ஏழு மாதம். புட்டிப்பாலைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வாள். செல்வியின் வேலை போனால் லயத்தில் எங்களுக்கு இருந்த இரண்டாவது அறையும் போய்விடும். அந்த அறையில்தான் என் தாய் தகப்பன் இருந்தார்கள்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, காப்பிப் பழம் எடுக்கும் காலம். ஒரு திங்கட்கிழமை மேனேஜர் பூண்டிக்குப் போகும் வழியில் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பூண்டு மூட்டை ஏற்ற வந்த லாரி ஒன்றில் கட்டி இழுத்து வந்தார்கள். மேஸ்திரிக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஒரு மாதம் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் வண்டியின் மூக்கைத் தடவிக்கொடுத்து, "நாளைக்கு ஒன்னயப் பிரிச்சுத்தான் ஆகணும்மா. நான் குனிய முடியாது. வேற கைதான் படும். பொறுத்துக்க" என்றார். நான் பானெட்டைப் பார்த்துத் தலையாட்டினேன்.

மேனேஜர் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு சொன்னார். "முத்தையா, ஏறணும். குலுங்கவும் கூடாது. ஒரு குறை இல்லாமச் செஞ்சுடு."

செய்தி அதற்குள் லயத்துக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை வெள்ளனே குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றது. பின்னால் எட்டுப் பத்துப் பெண்கள். செல்வியும் அவர்களோடுதான் நின்றாள்.

"தம்பி, தொர வண்டிய நீயா பாக்குற?"

நான் வாயில் நுரையோடு தலையாட்டினேன்.

"கொஞ்சம் சரி பண்ணு. ரொம்பச் சரி பண்ணிடாத."

"அது எப்படிக்கா?"

"மலை ஏறட்டும். சத்தம் கெடக்கட்டும். அம்புட்டுத்தான்."

"வண்டி என்ன சட்டையாக்கா, பாதி தைக்க?" என்று கேட்டேன்.

செல்வி அப்போதுதான் பேசினாள். "ஏங்க, நீங்க நல்லா வேலை செய்யிற ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் கொஞ்சம் மோசமாச் செஞ்சா கொறஞ்சா போயிருவீங்க?"

வாயைக் கொப்பளித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன்.

செய்த வேலையை இங்கே ஒழுங்காகச் சொல்ல விரும்புகிறேன். இளையவர்களுக்கு அதாவது பயன்படட்டும்.

இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருந்தது. அது முக்கியம். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் மரையும் கூட வந்துவிடும். முதலில் மேலே கிடந்த காற்றுக் குழாயையும் அதன் அடியில் இருந்த பெரிய பெட்டியையும் கழற்றினேன். திறந்த ஓட்டைகளில் சுத்தமான துணியை அடைத்தேன். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தால் இன்ஜினையே இறக்க வேண்டி வரும். பிளக் ஒயர் ஒவ்வொன்றிலும் நூல் கட்டி முடிச்சுப் போட்டேன். முதல் ஒயருக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு. எண்ணெய்க் கையில் சீட்டு ஒட்டாது, முடிச்சு அழியாது.

ஒயரைப் பிடுங்கியதும் கோளாறு தெரிந்துவிட்டது. பிளக் உட்காரும் குழிகளில் எண்ணெய் நின்றது. கிணற்றில் எட்டிப் பார்ப்பதுபோல் என் முகம் தெரிந்தது. இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கட் இறுகிப்போய், எண்ணெய் குழிக்குள் இறங்கி, மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துகொண்டிருந்தது. அப்படியே பிளக்கைக் கழற்றினால் எண்ணெய் சிலிண்டருக்குள் கொட்டும். அதனால் கம்பியில் வேஸ்ட் பஞ்சைச் சுற்றி ஒவ்வொரு குழியாக ஒற்றி எடுத்தேன். ஒரு கட்டு வேஸ்ட் முழுவதும் தீர்ந்துபோனது. பிறகு கால் பம்பால் ஊதி மண்ணை வெளியேற்றினேன். அதற்குப் பிறகுதான் பிளக்கில் ஸ்பேனர் வைத்தேன்.

ஐந்து பிளக் வந்தது. ஆறாவது இடம் பின்னால், இன்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவரை ஒட்டி, கை மட்டும் போகும் சந்தில் இருந்தது. அங்கே ஒயரே மாட்டியிருக்கவில்லை. ஒயரின் முனையில் சைக்கிள் டியூப் சுற்றி, அழகாகக் கட்டி ஓரமாகச் சொருகியிருந்தது. குழிக்குள் ஸ்பேனரை விட்டால் பிடிக்கவில்லை. வேறு நம்பர் போட்டுத் திருகினேன். வந்தது பிளக் அல்ல. போல்ட். மரை சரியாகப் பொருந்தும்படி தேர்ந்தெடுத்து, அடியில் செம்பு வாஷர் போட்டு, கேஸ் ஒழுகாமல் இறுக்கிய போல்ட். அந்த மாதிரி வாஷரை வெட்டத் தெரிந்த கை எங்கள் கொட்டகையில் ஒன்றுதான் இருந்தது.

மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடி வழியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போல்ட்டைத் தகரத் தட்டில் போட்டேன். டங் என்றது.

"ஆறாவது எடத்துல என்னம்மா வச்சிருந்த?" என்று வண்டியைக் கேட்டார், எதுவும் தெரியாதவர்போல. "பாவம், யாரு வச்சாங்களோ."

ஆக, நாலைந்து வருடமாக அந்த வண்டி ஐந்து காலில் நொண்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. ஏன் போல்ட் போட்டார், யாராவது போடச் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவர் வண்டியிடம்தான் சொல்லியிருப்பார்.

அடுத்து டேப்பெட் கவர். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். கவரை எடுத்தபோது பழைய கேஸ்கட் முறுக்குபோல் நொறுங்கியது. புதுக் கேஸ்கட் செட் ஸ்டோரில் இருந்தது. ஆனால் பழசை முழுசாகக் கொடுக்க வேண்டுமே. பலகையில் கரித்துண்டால் கேஸ்கட்டின் வடிவத்தை வரைந்து, துண்டுகளை அதன்மேல் அடுக்கினேன். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு குறைந்தது. மேஸ்திரி விரலாலேயே தடவிப் பார்த்து அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துவிட்டார். "உள்ள முழுங்கிட்டியாம்மா?" என்றார். இன்ஜினுக்குள் விழுந்திருந்தால் எண்ணெய்க் குழாயை அடைத்துவிடும். டார்ச் அடித்து ஒன்றரை மணி நேரம் தேடினேன். கடைசியில் அது என் முழங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒட்டியிருந்த மிச்சத்தை இரும்பால் சுரண்டக் கூடாது, அலுமினியத்தில் கோடு விழும். காப்பிக் குச்சியை உளிபோல் சீவி அதனால் சுரண்டினேன். பெட்ரோல் தொட்டுத் துடைத்து, மூலைகளில் மட்டும் கம்பவுண்ட் வைத்து, புதுக் கேஸ்கட்டையும் குழிகளுக்கான வட்ட ரப்பர்களையும் உட்கார வைத்தேன். இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக.

பிறகு ஐந்து பழைய பிளக்கையும் போல்ட்டையும் ஸ்டோர் ஜன்னலில் வைத்தேன். மேஸ்திரி ஐந்து புதுப் பிளக்கை எடுத்து வைத்தார். போல்ட்டைக் கையில் எடுத்தார்.

"சிரட்டை மூடி சோலியப் பாத்துச்சு. நீ பிளக்கு சோலியப் பாத்தியா?" என்று போல்ட்டைக் கேட்டார். "ஒரு நாளாச்சும் தீப்பொறி விட்டியா? இல்ல. அப்ப நீ பிளக்கு இல்ல. ஒனக்குப் புதுசு இல்ல."

எனக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. இனி என் தப்பு எதுவுமில்லை. குழிகள் சுத்தம், கேஸ்கட் புதுசு, வண்டி பூண்டிக்கு ஏறும். ஆறாவது பிளக் சட்டப்படி கிடைக்கவில்லை. கொஞ்சம் சரி, ரொம்பச் சரி இல்லை. போல்ட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

"என்ன கெடைக்கல?" என்று பின்னால் குரல் கேட்டது. மேனேஜர்.

நான் வண்டியைப் பார்த்தேன். மேஸ்திரியும் வண்டியைப் பார்த்தார். வண்டி பதில் சொல்லவில்லை. மேனேஜர் ஜன்னலுக்குள் கையை விட்டு, டப்பாவில் மீதமிருந்த பிளக்கைத் தானே எடுத்து என் கையில் வைத்தார். அந்த ஸ்டோரில் பழையது வாங்காமல் புதியது வெளியே வந்தது அன்றைக்குத்தான். மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆபரேஷன் கண் என்று நினைக்கிறேன்.

மற்ற ஐந்தையும் பூட்டியபின், ஆறாவது பிளக்கை ரப்பர் டியூபில் செருகி, விரலால் சுழற்றி மரையில் ஏற்றினேன். கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கும், மரை கெடாது. கையால் உட்கார்ந்தபின் ஸ்பேனரால் கால் சுற்று. சைக்கிள் டியூபைப் பிரித்து ஒயரை மாட்டி, மேலே கழற்றியதையெல்லாம் பூட்டினேன். சாவியைத் திருப்பினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். அவ்வளவு அமைதி. பானெட் மேல் டீ கிளாஸை வைத்தேன். டீயில் ஒரு வட்டம்கூட எழவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் செல்வியின் நினைவே எனக்கு வரவில்லை. வேலை செய்தவனுக்கு மட்டும் தெரியும் சந்தோஷம் அது. அன்று சாயங்காலம் லயத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. செல்வி சோறு போட்டாள். குழம்பு ஊற்ற மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை மேனேஜர் ஓட்டிப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முன்சீட்டில் உட்காரச் சொன்னார். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"எங்க சார் போறோம்?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் மேனேஜரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி.

"ஒம்பதாம் நம்பர் காட்டுக்கு."

செல்வி பழம் எடுப்பது ஒன்பதாம் நம்பர் காட்டில்தான். வண்டி பூனைபோல் போனது. மேனேஜர் முகத்தில் சிரிப்பு. இரண்டு தரம் இன்ஜின் அணைந்துவிட்டதென்று நினைத்துச் சாவியைத் திருகினார்; வண்டி கிறீச்சிட்டது. பாதை ஓரத்தில் ஒரு கிழவி திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு விறகை நழுவவிட்டாள். நான் உரக்க இருமினேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு இருமினேன். "ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டார் மேனேஜர். முதல் வளைவு வந்தது. மேனேஜர் எப்போதும் ஹாரன் அடிக்காதவர். அந்த வண்டிக்கு அதுவரை ஹாரன் தேவைப்பட்டதும் இல்லை.

"சார், ஹாரனையும் பாத்துருவோமா சார்? பிரிக்கும்போது அந்த ஒயருலயும் கை பட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கையை நீட்டி அழுத்தினேன். பாங், பாங், பாங். அடுத்த வளைவில் மறுபடி மூன்று.

"நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"இன்னும் ஒருக்கா பாத்துருவோம் சார்." பாங், பாங், பாங்.

ஒன்று மறந்துவிட்டேன். வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன்காரர் வருவது புதன்கிழமை. வளைவுக்கு வளைவு அவர் அடிக்கும் ஹாரன் மூன்று. அன்றைக்குப் பெண்கள் வேலைக்கே சட்டியோடுதான் வருவார்கள்.

ஒன்பதாம் நம்பர் காட்டைத் தொடும் முன்பே பெண்கள் ஓடி வருவது தெரிந்தது. செடிக்குள்ளிருந்து நாலு பேர். பிள்ளைக் காம்பராப் பாதையிலிருந்து ஏழு பேர். எல்லோர் கையிலும் சட்டி. ஏழு இடுப்பில் ஏழு குழந்தை. எல்லோருக்கும் முன்னால் செல்வி, ஒரு கையில் அலுமினியச் சட்டி, இடுப்பில் எங்கள் மகள். வண்டி சத்தமில்லாமல் அவர்கள் முன்னால் போய் நின்றது.

"அய்யோ, மீனு இல்லடி. தொர!" என்று பார்வதி அக்கா சொன்னது.

யாரும் ஓடவில்லை. ஓட நேரமில்லை. செல்வி என்னைப் பார்த்தாள்.

"நீங்களா ஹாரன் அடிச்சீங்க?"

நான் டேஷ்போர்டைப் பார்த்தேன். மேனேஜர் என்னைப் பார்த்தார், பிறகு சட்டிகளைப் பார்த்தார், பிறகு குழந்தைகளைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். சட்டம் சட்டம்தான். முன்னால் நின்றவளிடமிருந்து தொடங்கினார்.

"பேரு?"

"செல்விங்க."

பதினோரு பெயர் எழுதினார். எழுதி முடிக்கும்போது நிஜமான மீன்காரர் பின்னால் வந்து, தன் ஹாரனை மூன்று முறை அடித்தார். யாரும் மீன் வாங்கவில்லை.

மேனேஜர் வண்டியைத் திருப்பினார். ஆபீஸ் வாசலில் இறங்கி, வண்டியைக் கொட்டகையில் விடச் சொன்னார். அந்தத் தாள் மறுநாள் காலைத் தபாலில் கொடைக்கானலில் இருக்கும் மேலிடத்து ஆபீஸுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். கொட்டகையில் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதியம் சாப்பிடப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

மூன்றரை மணிக்கு மேனேஜர் நடந்து வந்தார். வாசலில் நின்றார். அவருக்கும் பேசக் கூச்சமாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

"முத்தையா, இந்த வண்டியில ஒரு குறை இருக்கு."

"சொல்லுங்க சார்."

"சத்தமே இல்ல. பாதையில மாடு வெலக மாட்டேங்குது."

எங்கள் தோட்டத்தில் மாடு கிடையாது. உள்ளே விட்டால் காப்பிக் கன்றைத் தின்றுவிடும் என்று அவரே போர்டு எழுதி மாட்டியிருந்தார்.

"ஆமாங்க சார்" என்றேன்.

மேஸ்திரி ஸ்டூலிலிருந்து எழுந்து வண்டியருகே வந்தார். "மாடு வெலகலையாம்மா? பாவம் மாடு" என்றார். பிறகு வேலைச் சீட்டை எடுத்து, கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, புகார் என்ற இடத்தில் எழுதினார்: 'வண்டி குலுங்கவில்லை.' மேனேஜர் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

இன்ஜின் ஆறிவிட்டிருந்தது. மேலே இருந்ததையெல்லாம் மறுபடி கழற்றி ஆறாவது பிளக்கை எடுத்தேன். ஜன்னலுக்குப் போனேன். மேஸ்திரி பிளக்கை வாங்கிக்கொண்டு போல்ட்டைக் கொடுத்தார். ஒரு நாள் தீப்பொறி விட்டதால் அது பழைய சாமான் ஆகிவிட்டதாம். அதனால் மாற்றித் தரச் சட்டத்தில் இடமுண்டு என்று பிளக்கிடம் விளக்கினார். செம்பு வாஷர் புதிதாக ஒன்று வெட்டி, காலையிலேயே தயாராக வைத்திருந்தார்.

மேனேஜர் போகவில்லை. நான் போல்ட்டை இறுக்கி, ஒயரைச் சுற்றிக் கட்டி, எல்லாவற்றையும் பூட்டும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

"ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

கை முழுக்க எண்ணெய். அப்படியே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. வேஸ்ட் பஞ்சைத் தேடினேன். முதல் நாளே தீர்ந்துவிட்டிருந்தது.

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். "இந்தா, இதுல தொடச்சுக்க."

பிரித்தேன். நீல மையில் பதினோரு பெயர். முதல் பெயர் செல்வி. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளங்கையைத் துடைத்தேன், புறங்கையைத் துடைத்தேன், விரல் இடுக்கில் துடைத்தேன்.

"நல்லாத் தொட" என்றார் மேனேஜர். "ரெண்டு பக்கமும் தொட."

தாள் கறுப்பாகும்வரை துடைத்தேன். பிறகு சாவியைத் திருப்பினேன். கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. மேனேஜர் ஏறி உட்கார்ந்து, 'டக் டக் டக் டொக்' என்று கிளம்பிப் போனார்.

மறுநாள் வியாழக்கிழமை. செல்வி பத்து மணிக்குப் பிள்ளைக் காம்பராவுக்குப் போய், பத்தரைக்குக் காட்டுக்குத் திரும்பினாள். மேனேஜர் பதினொன்றுக்கு ஒன்பதாம் நம்பர் காட்டுக்குப் போனார். எனக்கு லாரியில் பிரேக் வேலை இருந்தது.